ஊருக்கு ஆட்சேபனை இல்லை

வேம்படிக்குப்பத்துத் தெய்வநாயகிக்கு மீன் விற்கத் தெரியும், சண்டை போடத் தெரியும், மேடையில் பேச மட்டும் தெரியாது என்று ஊர் நினைத்திருந்தது. அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். மீஞ்சூரில் ஒரு கடை வாசலில் வந்து இறங்கிய குளிர்பெட்டி அந்த நினைப்பைக் கலைத்துப் போட்டது.

பழவேற்காட்டு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிறது வேம்படிக்குப்பம். புருஷன் ஆதிநாராயணன் ஏரியிலும் கடலிலும் பிடித்து வருவதை விடியும்போதே கூடையில் வாரிக்கொண்டு, பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து மின்சார ரயில் என்று மீஞ்சூர் போய் இறங்குவாள் தெய்வநாயகி. மார்க்கெட்டுக்கு வெளியே சாக்கை விரித்து, அரிவாள்மனையை நட்டு உட்கார்ந்தால் மதியம் வரை அவள் வாயும் கையும் ஓயாது. மகள் அர்ச்சனாவைப் பெற்று உடம்பு தேறும் முன்பே கூடையைத் தூக்கியவள். அந்த அர்ச்சனா இப்போது எளாவூரில் புருஷன் வீட்டில் இருக்கிறாள். அம்மாவின் தலையிலிருந்து கூடை இன்னும் இறங்கவில்லை. ரயிலில் அவளைக் கண்டதும் மூக்கைப் பொத்துகிறவர்களை அவள் சும்மா விடுவதில்லை. "மூக்க மூடிக்கோப்பா. வாய மட்டும் மூடிடாத, ராத்திரி கொயம்புக்கு வேணும்" என்பாள். பெட்டியே சிரிக்கும்.

குளிர்பெட்டி வந்தது டேவிட்டின் மளிகைக் கடைக்கு. வாரம் தவறாமல் அவளிடம் கிழங்கான் மீன் வாங்கும் டீச்சரம்மா ஒருவர், அன்று அவள் பக்கம் பார்க்காமலே நடந்துபோய் டேவிட் கடையில் ஒரு பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போனார். கடை ஓய்ந்ததும் தெய்வநாயகி போய் அந்தப் பாக்கெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று ஒரு துண்டம். தலை இல்லை, வால் இல்லை, முள் இல்லை.

"இது இன்னா மீனு டேவிட்டு?"

"மீனுதான்க்கா. கப்பல்ல வருது. புள்ளைங்களுக்கு முள்ளு குத்தாது, வூடு நாறாது. இப்பவே நல்லா ஓடுது. அந்தப் பல நாட்டு ஒப்பந்தம்னு டீவில சொல்றாங்களே, அதுல நம்ம கவுருமெண்டு சேந்துட்டா வரியே இல்லாம வரும். அப்பப் பாரு யாவாரத்த."

"யாரு யாவாரத்த?"

டேவிட் கொஞ்சம் யோசித்தான். கெட்டவன் இல்லை அவன். "நீயும் ஒரு பொட்டி வாங்கிப் போட்டுடுக்கா" என்றான் நிஜமான அக்கறையோடு.

அன்றிலிருந்து அவளுக்கு அந்த ஒப்பந்தம் ஒரு பைத்தியமாகவே பிடித்துக்கொண்டது. ராத்திரி டீவி விவாதங்களில் கோட்டு போட்டவர்கள் கத்திக்கொள்வதைச் சீரியலை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். மீனவர் சங்கத்து ஆட்கள் குப்பத்துக்கு வந்து பேசியபோது ஆண்களுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அவளுக்கு விளங்கியது இவ்வளவுதான்: ஒப்பந்தத்தில் சேரும் நாடுகள் ஒன்றுக்கொன்று மீனுக்கு வரி போடக் கூடாது. படகுக்குக் கொடுக்கும் டீசல் மானியத்தைப் படிப்படியாக நிறுத்த வேண்டும். கடலையே அரித்தெடுக்கும் பெரிய கப்பல் வைத்திருக்கும் நாடும், ஏரியில் கோல் ஊன்றிப் படகு தள்ளும் ஆதிநாராயணனும் ஒரே தராசில் நிற்க வேண்டும். அதற்குச் சம நீதி என்று பெயர் வைத்திருந்தார்கள். யானையையும் ஆட்டையும் ஒரே கயிற்றில் பூட்டிவிட்டு, இரண்டுக்கும் ஒரே நீளக் கயிறுதானே என்று கேட்கிற நீதி அது.

வீட்டுக்குள் முதல் எதிர்க்கட்சி ஆதிநாராயணன்தான்.

"கம்முனு கெட தெய்வா. ஒப்பந்தம் வந்தா நம்ம எறாவும் அவங்க நாட்டுக்கு வரியில்லாம போவும். கம்பெனி ஏஜெண்ட்டு சொன்னாரு, இன்னும் வெல ஏறுமாம்."

"எந்த எறா? ஏரியில நீ புடிக்கிற எறாவா? குட்டையில தீவனம் போட்டு வளக்குறானே, அவன் எறா. அவனுக்கு வெல ஏறும். உனுக்கு இன்னா ஏறும்?"

"உனுக்கு எல்லாந் தெரியும்."

"தெரியாதுன்னுதான் கேக்குறேன். அந்த ஏஜெண்ட்டு என்னிக்காவது ஒன் எறாவ வந்து வாங்கிக்கினானா? சொல்லு அர்ச்சனா நைனா, சொல்லு."

ஆதிநாராயணன் வலையை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டான். ஆனால் பேச்சு உள்ளே இறங்கியிருந்தது. ஒரு வாரம் கழித்து, கடலிலிருந்து வந்த கையோடு அவனாகவே சொன்னான்: "டீசல் பங்க்குல கேட்டேன். மானியம் நின்னுச்சின்னா நம்ம மாதிரி சின்ன போட்டு ஒண்ணு கூட கடலுக்குப் போவ முடியாது. நீ சொல்றது கரெக்டுதான்." கல்யாணமான நாளிலிருந்து அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று குழம்பில் நல்ல துண்டெல்லாம் அவன் தட்டில்தான் விழுந்தது.

டெல்லியிலிருந்து ஒரு குழு வருகிறது, நாடு ஒப்பந்தத்தில் சேரலாமா வேண்டாமா என்று கடற்கரை மக்களின் கருத்தைக் கேட்கப் போகிறது, திருவள்ளூர் மாவட்டத்துக்குப் பொன்னேரியில் கூட்டம் என்று தகவல் வந்தது. வேம்படிக்குப்பத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஊர்க்கூட்டம் என்றால் ஆண்கள் கூட்டம். பெண்கள் கோயில் மதிலுக்கு வெளியே நின்று கேட்கலாம், வாய் திறக்கக் கூடாது. ஒப்பந்தத்தை எதிர்ப்பது என்று ஒரே குரலில் முடிவானது. முடிந்து வெளியே வந்த ஊர்த்தலைவர் ரங்கனைத் தெய்வநாயகி வழிமறித்தாள்.

"ரங்கண்ணா, மார்க்கெட்ல நடக்குறது ஆம்பளைங்களுக்கு இன்னா தெரியும்? யாவாரம் பண்ற பொம்பளைங்கள்ல ஒருத்தரு பேசணும்."

ரங்கன் சிரித்தார். நிதானமான மனிதர். ஊருக்காகக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்று கறுத்தவர். "ஒருத்தரு இன்னாமா, நீயே பேசு. ஒன் பேரையும் குடுத்துடறேன். பொம்பளைங்க எல்லாரையும் வரச் சொல்லு, மண்டபம் ரொம்பிக் கெடக்கணும்."

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் பேசிப் பழகினாள். ஆதிநாராயணன் வீட்டு வாசலில் கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து முடிந்துகொண்டிருந்தான். எதிரே நின்றுகொண்டு, முந்தானையை இடுப்பில் செருகி, அவனையே டெல்லி ஆபீசராக வைத்துப் பேசினாள். பக்கத்து வீட்டு ஜெயம்மா, அவளும் மீன்காரிதான், படலைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"ஐயா, வெளிநாட்டு மீனு வரக்கூடாதுன்னு நாங்க சொல்லல..."

"இன்னாது, சொல்லலையா?" என்றாள் ஜெயம்மா. "அதுக்கா பஸ் ஏறிப் போற?"

"இருடி, முடிக்கல நானு. எங்களுக்கும் அவங்களுக்கும் ஒரே சட்டம் போடாதீங்கன்றோம்..."

ஆதிநாராயணன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். "அப்பிடிச் சொல்லாத. 'அவங்க கப்பல்ல இருக்குற ஐஸ் ரூமு எங்க தெருவவிடப் பெருசு. ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம்னா அது எங்களுக்குப் போட்ட சட்டம் இல்ல'ன்னு சொல்லு."

தெய்வநாயகி அப்படியே நின்றாள். "யோவ், உள்ள இவ்ளோ சரக்கு வெச்சிக்கினுதான் இத்தினி நாளு பேஜார் பண்ணியா?"

அந்த வாக்கியத்தை அவள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். அவன் தலை நிமிராமல் வலையை முடிந்துகொண்டே இருந்தான்.

பொன்னேரிக் கல்யாண மண்டபத்தில் கூட்டம். முன்வரிசை நாற்காலிகளில் இறால் பண்ணை முதலாளிகளும் ஏற்றுமதிக் கம்பெனிக்காரர்களும். நடுவில் குப்பத்து ஆண்கள். பெண்களுக்குக் கடைசியில் பாய் விரித்திருந்தார்கள். மேடையில், போன வாரம் யாரோ மாலை மாற்றிக்கொண்ட ஜிகினா வளைவுக்குக் கீழே, டெல்லிக் குழு உட்கார்ந்திருந்தது. தலைவர் இந்தியும் இங்கிலீஷும் பேசினார். கல்லூரி ஆசிரியை ஒருவர் தமிழில் சொன்னார். பண்ணை முதலாளிகள் ஒவ்வொருவராக எழுந்து நாட்டின் வளர்ச்சி பற்றிப் பேசினார்கள். அவர்கள் வளர்ந்ததை நாடு வளர்ந்தது என்று சொல்லிக்கொள்வது அவர்களுக்குப் பழகிப்போன பேச்சு. தெய்வநாயகி உள்ளுக்குள் தன் வாக்கியங்களை அடுக்கி அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேம்படிக்குப்பத்தைக் கூப்பிட்டார்கள். ரங்கன் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஐயா, எங்க ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிற முகத்துவாரம் மணல் சேர்ந்து அடைபட்டுக் கிடக்குது. அதைத் தூர்வாரி நிரந்தரமாத் திறந்து கொடுக்கணும். அதுதான் எங்க உயிர்ப் பிரச்சினை. அதைக் கவனிக்கிறதாச் சொல்லியிருக்கீங்க. அதனால ஒப்பந்தத்தைப் பொறுத்தவரைக்கும் எங்க ஊருக்கு ஆட்சேபனை இல்லை."

உட்கார்ந்துவிட்டார்.

தெய்வநாயகிக்கு முதலில் புரியவில்லை. ரங்கன் தப்பாகச் சொல்லிவிட்டார், யாராவது எழுந்து திருத்துவார்கள் என்றுதான் நினைத்தாள். நடுவில் உட்கார்ந்திருந்த முதுகுகளைப் பார்த்தாள். ஒரு முதுகும் அசையவில்லை. அவர்கள் ஏன் அசையவில்லை என்பது அவளுக்கும் தெரியும். வெளியாட்களுக்கு எதிரே ஊர்த்தலைவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், ஊர் ஆம்பிளை எவனும் அங்கேயே அதை மறுக்கக் கூடாது. மறுத்தால் ஊர் அவனை ஒதுக்கிவைக்கும். அந்தக் கட்டுப்பாட்டை அவளே பெருமையாகப் பேசியிருக்கிறாள். முன்பு ஒரு கம்பெனி கடற்கரையை வளைக்க வந்தபோது, ஆளுக்கொரு விலை பேசிப் பார்த்தும் ஊரை உடைக்க முடியாமல் திரும்பிப் போனது இந்தக் கட்டுப்பாட்டினால்தான். ஊரைக் காத்த பூட்டு இப்போது ஊரின் வாயிலேயே தொங்கியது.

ஆனால் அந்தக் கட்டுப்பாடு ஆண்களுக்கானது. ஊர்க்கூட்டத்தில் சேர்க்கப்படாத பெண்களை அது எப்படிக் கட்டும்? அவள் எழுந்தாள்.

"ஐயா, அது ஊர் முடிவு இல்ல! ஒப்பந்தம் வேணான்னுதான் ஊர்ல முடிவு பண்ணாங்க!"

மண்டபம் திரும்பியது. ஆசிரியை ஓடிவந்து மைக்கைக் கொடுத்தார். தெய்வநாயகி பேசினாள். பழகியபடி எல்லாம் வரவில்லை. டேவிட் கடைப் பெட்டியில் தொடங்கி டீசலுக்குத் தாவி, மறுபடி பெட்டிக்கு வந்தாள். ஆனால் அந்த ஐஸ் அறை வாக்கியத்தை மட்டும் அட்சரம் பிசகாமல் சொன்னாள். ஆசிரியை அதை மொழிபெயர்த்தபோது குழுவில் ஒருவர் தலை நிமிர்ந்து பார்த்தார்.

தலைவர் ஏதோ கேட்டார். "நீங்க யார் சார்பாப் பேசுறீங்கன்னு கேட்கிறார்" என்றார் ஆசிரியை.

"எங்க ஊரு சார்பா."

ரங்கன் உட்கார்ந்தபடியே, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "எங்க ஊருப் பொம்பளைதான் மேடம். அது அவங்க சொந்தக் கருத்து. ஊர் கருத்த நான் சொல்லிட்டேன்."

ஆசிரியை கொஞ்சம் தயங்கிவிட்டு, தானாகவே நடுவரிசையைப் பார்த்துக் கேட்டார்: "அந்தம்மா சொல்றதை ஊர்க்காரங்க யாராவது ஒத்துக்கிறீங்களா?"

தெய்வநாயகி புருஷனைப் பார்த்தாள். ஆதிநாராயணன் குனிந்து, அறுந்துபோகாத செருப்பு வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தான். "அர்ச்சனா நைனா" என்று கூப்பிட்டாள். மைக்கில் அது மண்டபம் முழுவதும் கேட்டது. அவன் நிமிரவில்லை.

அவளுக்குப் பக்கத்தில் ஜெயம்மா எழுந்தாள். "நானும்தான் மேடம். எனக்கும் ஆட்சேபனை இருக்குது." அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர், பிறகு பாயில் இருந்த அத்தனை பெண்களும். ஆசிரியைக்கே முகம் மலர்ந்தது. தலைவர் பக்கத்திலிருந்தவரோடு பேசினார், அவர் எழுதிக்கொண்டார். ஆசிரியை சங்கடத்தோடு தமிழில் சொன்னார்: "எல்லாருடையதும் தனிநபர் கருத்துகளாப் பதிவு செய்யப்படுது. கிராமத்தின் கருத்து ஏற்கெனவே பதிவாயிடுச்சு."

ஊரில் பாதி எழுந்து நின்றது. நின்ற பாதி ஊர் இல்லையாம்.

திரும்பும்போது ஊர் வேனில் அவள் ஏறவில்லை, பஸ்ஸில் வந்தாள். வீட்டில் ஆதிநாராயணன் அடுப்பு மூட்டிச் சோறு வடித்து வைத்திருந்தான். எப்போதும் செய்யாத வேலை. அதைப் பார்த்தபடி வாசற்படியிலேயே நின்று கேட்டாள்.

"ரங்கண்ணன் இப்பிடிச் சொல்லப்போறாருன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

"சாப்டு மொதல்ல."

"எப்பத் தெரியும்?"

அவன் தட்டைத் துடைத்தான். மறுபடி துடைத்தான். "முந்தா நேத்து ராவு கூப்ட்டு விட்டாங்க. ஆம்பளைங்கள மட்டும். ஆபீசருங்க சொன்னாங்களாம், ஒப்பந்தத்துக்கு எதிரா நிக்காதீங்க, முகத்துவாரத்த தோண்டிக் குடுத்துடறோம்னு. இன்னா பண்ணச் சொல்ற? முகத்துவாரம் அடைஞ்சா ஏரியே செத்துப்பூடும். ஒப்பந்தம் என்னிக்கோ வரப்போறது. மணலு இன்னிக்கே அடைக்குது தெய்வா."

அது ஒரு நியாயம்தான். அவளால் அதைத் தூக்கி எறிய முடியவில்லை. முந்தாநாள் ராத்திரியே அவளிடம் சொல்லியிருந்தால் விடிய விடியச் சண்டை போட்டிருப்பாள். ஒருவேளை ஒத்துக்கொண்டும் இருப்பாள். அவளை அறுத்தது வேறு.

"அப்ப நேத்து சாயங்காலம் ஒனக்குத் தெரியும்."

அவன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

"நேத்து ஒனக்கு எதுக்க நின்னு பேசிப் பாத்தேனே. அந்த ஐஸ் ரூமு பேச்ச நீதான குடுத்த. எல்லாந் தெரிஞ்சிக்கினு எதுக்குய்யா அத எனுக்குக் குடுத்த?"

"நீ அவ்ளோ ஆசையா நின்னுக்கினு இருந்த... எப்பிடியும் ஒன்ன கூப்ட மாட்டாங்க, ஒன் பேரே குடுக்கலன்னு ரங்கன் சொல்லிட்டாரு. போயி குந்திட்டு வந்துடுவேன்னு நெனச்சேன். சத்தியமா நீ ஏந்திருப்பேன்னு நெனைக்கல."

குழந்தை கையில் விளையாட்டுச் சாமான் கொடுப்பதுபோல அந்த வாக்கியத்தைக் கொடுத்திருக்கிறான். தெய்வநாயகி சோற்றுப் பானையை மூடினாள். அழவில்லை. மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

பேப்பரில் செய்தி வந்தது. ஒப்பந்தத்துக்குப் பழவேற்காட்டு மீனவர்கள் ஆட்சேபனை தெரிவிக்கவில்லை என்று ஒரே வரி. பெண்களைப் பற்றி ஒன்றும் இல்லை. ஒப்பந்தத்தில் நாடு சேருவதா வேண்டாமா என்று டீவியில் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். டெல்லிக் குழுவில் இருந்த ஒருவர், மீனவர்களே சரி என்றுவிட்டார்களே, எதிர்க்கிறவர்கள் யாருக்காக எதிர்க்கிறார்கள் என்று கேட்டார். முகத்துவாரம் பரிசீலனையில் இருப்பதாக ரங்கனுக்குப் போனில் பதில் வந்தது.

பாடு சீட்டுப் போடும் நாள் வந்தது. ஏரியில் இறால் கொழிக்கும் இடங்கள் கொஞ்சம்தான். யார் எந்த முறையில் எங்கே வலை கட்டுவது என்று வருஷம் ஒருமுறை அம்மன் கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கித் தீர்ப்பார்கள். அந்த உரிமைக்குப் பேர்தான் பாடு. அது கல்யாணமான ஆம்பிளைக்கு மட்டும், ஒண்டிக்கட்டைக்குக் கிடையாது. வேம்படிக்குப்பத்தில் ஒவ்வொருவன் பேரும் கூப்பிடும்போது தலைவர் "குடும்பம் இருக்குதா?" என்று கேட்பார். மதிலுக்கு வெளியே நிற்கும் மனைவி "இருக்குது" என்று சொல்ல வேண்டும். ஊர்க்கூட்டத்தில் பெண்ணுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே ஒரு சொல் அது. அதுவும் புருஷனுக்காக.

"ஆதிநாராயணன். குடும்பம் இருக்குதா?"

பதில் இல்லை. ரங்கன் நிமிர்ந்து பார்த்தார். தெய்வநாயகி முன்னால்தான் நின்றிருந்தாள்.

"இன்னாமா தெய்வா, தூங்கிட்டியா? குடும்பம் இருக்குதா?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்ணா?" என்றாள். "அன்னிக்கு மண்டபத்துல நான் பேசுனது ஊரு பேச்சு இல்லன்னீங்க. என் வூட்டுக்காரரும் தலைய குனிஞ்சிக்கினு ஒத்துக்கினாரு. இன்னிக்கு நான் பேசுறது மட்டும் எப்பிடி ஊருக்குச் செல்லும்? நான் ஊருல ஒரு ஆளுன்னா அன்னிக்குச் சொன்னதையும் எழுதிக்குங்க. டெல்லிக்குப் போன் பண்ணி, எங்க ஊருல பாதிக்கு ஆட்சேபனை இருக்குதுன்னு சொல்லுங்க. நான் ஆளு இல்லன்னா, ஆளில்லாதவ சொல்லி இவருக்குப் பாடு குடுக்காதீங்க."

யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். ஆதிநாராயணன் கூட்டத்தின் நடுவே எழுந்து நின்றான். இந்த முறை நிமிர்ந்துதான் பார்த்தான். அவன் கண்களில் கெஞ்சல் இருந்தது.

"தெய்வா. சொல்லும்மா. வருசம் பூரா சோறும்மா."

அவளுக்குத் தெரியாதா? பாடு இல்லாவிட்டால் அவளுடைய கூடைக்கும்தான் இறால் இல்லை. அடுத்தவர் படகில் வாங்கி, ரெண்டு கை மாறிய இறாலை விற்க வேண்டும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ரங்கன் அவளையே பார்த்தார். அவர் டெல்லிக்குப் போன் செய்திருக்கலாம். அவள் கேட்டதும் அதுதான். ஆனால் தலைவர் பேச்சை மாற்றினார் என்று பேர் வரும், முகத்துவாரம் கைநழுவும். அவர் பார்வையைச் சீட்டுக்குக் கொண்டுபோனார்.

"பேர் தள்ளி வெக்கிறேன். அடுத்த வருசம் பாத்துக்கலாம்." பிறகு, குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "பரத். குடும்பம் இருக்குதா?"

பரத் ஜெயம்மாவின் புருஷன். தெய்வநாயகி திரும்பினாள். மண்டபத்தில் அவளுக்கு அடுத்து முதலில் எழுந்தவள் ஜெயம்மா. அவள் எழுந்ததால்தான் மற்றவர்கள் எழுந்தார்கள். இரண்டு பேர் சொல்ல மறுத்தால் மூன்றாவது பெண்ணும் யோசிப்பாள். அத்தனை பேரும் மறுத்தால் சீட்டே போட முடியாது. ஊர் அன்றே டெல்லிக்குப் பேசியாக வேண்டும். ஜெயம்மாவுக்கும் அது தெரியும். அவள் முகத்தில் அந்தக் கணக்கு ஓடுவதைத் தெய்வநாயகி பார்த்தாள்.

ஜெயம்மா முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"இருக்குதுண்ணா" என்றாள். தெய்வநாயகியைப் பார்க்காமல்.

அடுத்த பேர் கூப்பிட்டார்கள். அதற்கு அடுத்த பேர். மதிலுக்கு வெளியே இருக்குது, இருக்குது என்று குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. தெய்வநாயகி கடைசிப் பேர் வரை நின்று எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு, யார் படகில் இறால் கிடைக்கும் என்று பார்க்கக் கரைக்கு நடந்தாள்.